ஸ்பீக்கருக்குள் ஒளிந்திருந்த சாவி: மின்னணுக் கார் திருட்டும் பிரிட்டனின் புதிய சட்டப் பிரிவும்

2022 ஏப்ரலில் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4 காரின் முன்பக்கத்தை யாரோ நோண்டியிருந்தார்கள். பம்பர் ஒரு ஓரமாகப் பிடுங்கப்பட்டிருந்தது. ஹெட்லைட் பக்கமும் கை வைத்திருந்தார்கள். எதுவும் களவு போகவில்லை. வேலையில்லாத யாரோ வம்புக்குச் செய்ததாகத்தான் காரின் சொந்தக்காரர் நினைத்தார். அப்படியே ட்விட்டரிலும் எழுதினார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே மூலை, அதே ஹெட்லைட். அடுத்த சில நாட்களில் காரையே காணோம்.

சொந்தக்காரர் பெயர் இயன் டேபர். கார்களின் கணினிப் பாதுகாப்பை ஆராய்வதுதான் அவர் தொழில். திருடர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மற்றவர்கள் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்து, காப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் தன் கார் எப்படிப் போனது என்று தேட ஆரம்பித்தார். இன்று பிரிட்டனும் கனடாவும் எழுதியிருக்கும் சட்டங்கள் எதைப் பிடிக்கப் பார்க்கின்றன, எது அவற்றின் கைக்கு எட்டாமல் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு திருட்டையே முழுதாகப் பார்த்துவிடலாம்.

டேபருக்குக் கிடைத்த முதல் தடயம் டொயோட்டாவின் சொந்தச் செயலி. காருக்குள் எந்தக் கணினியில் கோளாறு வந்தாலும் அதன் பழுதுக் குறியீடு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடும். கார் திருடுபோன நேரத்தை ஒட்டி அங்கே குறியீடுகள் குவிந்து கிடந்தன. முன் கேமரா, ஹைபிரிட் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பாகங்கள் ஒரே சமயத்தில் தொடர்பை இழந்திருந்தன. இத்தனை கணினிகள் சேர்ந்தாற்போல் பழுதாவது நடக்காத காரியம். அவை பேசிக்கொள்ளும் ஒயரையே யாரோ கைப்பற்றியிருக்க வேண்டும். அந்த ஒயருக்கு வெளியிலிருந்து போய்ச் சேர வசதியான வழி, கழற்றிப் போட்டிருந்த ஹெட்லைட் கனெக்டர்.

இங்கே கேன் பஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1980-களில் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இணைப்பு முறை இது. எஞ்சின், பிரேக், கதவு, விளக்கு என்று காரில் இருக்கும் பல கணினிகளும் ஒரே இரட்டை ஒயரில் தொங்கிக்கொண்டு செய்தி அனுப்புகின்றன. செய்தியை யார் அனுப்பினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஊர் மந்தையில் நின்று எவன் குரல் கொடுத்தாலும் ஊரே அதை நம்பிவிடுவது போலத்தான். அந்தக் காலத்தில் இது தப்பில்லை. காருக்கு வெளியிலிருந்து ஒருவன் அந்த ஒயரில் கொக்கி போடுவான் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

அப்புறம் டேபர் இணையச் சந்தைகளில் தேடினார். சாவி தொலைத்தவர்களுக்கான 'அவசர ஸ்டார்ட்' கருவி என்ற பெயரில் பல கருவிகள் விற்பனைக்கு இருந்தன. விலை 5,000 யூரோ வரை போனது. அதில் ஒன்றை வாங்கிப் பிரித்தார். கார்களின் கணினி வலையமைப்பில் பல வருட அனுபவமுள்ள கென் டின்டலும் சேர்ந்துகொண்டார். இருவரும் கண்டுபிடித்ததை 2023 ஏப்ரலில் டின்டல் விரிவாக எழுதி வெளியிட்டார்.

கருவி இருந்தது ஒரு ஜேபிஎல் புளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள். உள்ளே மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒரு சாதாரணக் குட்டிக் கணினிச் சில்லு, கேன் பஸ்ஸுடன் பேசும் ஒரு சில்லு, கூடவே சின்னதாக ஒரு சுற்று. எல்லாவற்றையும் ஸ்பீக்கரின் சர்க்யூட் போர்டோடு சேர்த்துப் பிசின் ஊற்றி மூடியிருந்தார்கள். மின்சாரம் ஸ்பீக்கரின் பேட்டரியிலிருந்தே. உதிரிகளின் விலை மொத்தம் 10 டாலர்தான் இருக்கும். ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் பட்டன்தான் இதன் விசை. ஹெட்லைட் கனெக்டரில் ஒயரைச் செருகி அந்தப் பட்டனை அழுத்தினால், 'சரியான சாவி வந்துவிட்டது' என்ற செய்தி கேன் பஸ்ஸில் திரும்பத் திரும்பப் பாயும். அந்தச் சின்னச் சுற்று மற்ற கணினிகளைப் பேசவிடாமல் அமுக்கி வைக்கும். பழுதுக் குறியீடுகள் குவிந்தது அதனால்தான். நடுவில் இருக்கும் கேட்வே கணினி செய்தியை நம்பி எஞ்சின் பக்கத்துக்குக் கடத்தும், சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத பூட்டான இம்மொபிலைசர் விலகும். கதவு திறப்பதும் ஒரு பட்டன் வேலைதான்.

ராத்திரி 2 மணிக்கு இந்த ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து போகிறவனை ஒரு போலீஸ்காரர் நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணுக்குத் தெரிவது பாட்டுக் கேட்கும் ஒரு பெட்டி. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலும், திருடத்தான் கொண்டு போனான் என்பதை நீதிமன்றத்தில் எப்படி நிலைநாட்டுவது? சட்டம் தடுமாறிய இடம் இதுதான்.

இந்த வகைத் திருட்டில் இது ஒரு வழி மட்டுமே. இதைவிட அதிகம் பேசப்படுவது ரிலே முறை. பட்டன் அழுத்தாமலே திறக்கும் காரில், கார் ஒரு தாழ் அலைவரிசைச் சைகையை அனுப்பிக்கொண்டிருக்கும். அது ஓரிரு மீட்டர்தான் எட்டும். பக்கத்தில் சாவி இருந்தால் சாவி வேறொரு அலைவரிசையில் பதில் சொல்லும், கதவு திறக்கும். பதில் வந்தால் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்பது காரின் கணக்கு. திருடர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் காருக்குப் பக்கத்தில் நிற்கிறான். இன்னொருவன் பெரிய வளைய ஆன்டெனாவுடன் வீட்டுக் கதவோரம் நின்று, உள்ளே சாவி மாட்டியிருக்கும் இடத்துக்குக் காரின் சைகையை நீட்டிவிடுகிறான். ரகசியக் குறியீட்டை யாரும் உடைக்கவில்லை. உண்மையான சாவிதான் பதில் சொல்கிறது. பூட்டின் கணிதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்த முறைக்கு முன் அது பயன்படாது.

இது புதுச் செய்தியும் இல்லை. சூரிக் ஈடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூன்று பேர் 2011-லேயே 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் ரிலே முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்தும் திறந்தன. 2017 நவம்பரில் மேற்கு மிட்லண்ட்ஸ் போலீஸ் ஒரு சிசிடிவி பதிவை வெளியிட்டது. சோலிஹல் பகுதியில் ஒரு மெர்சிடஸ் ஒரு நிமிடம்கூட ஆகாமல் கிளம்பிப் போவதை அதில் பார்க்கலாம். ஆய்வுக்கும் அந்தப் பதிவுக்கும் நடுவே ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் அதே பலவீனத்தோடு கார்கள் விற்பனையாகிக்கொண்டிருந்தன என்பது எனக்கு இப்போதும் ஆறாத விஷயம்.

ஜாமர் மூன்றாவது. நீங்கள் ரிமோட்டை அழுத்தும்போது அந்தச் சைகையை அமுக்கிக் காரைப் பூட்டவிடாமல் செய்யவும், திருடிய பிறகு காரின் ஜிபிஎஸ் தடங்காட்டியை ஊமையாக்கவும் அது உதவும். இன்னும் நுட்பமான கருவிகளும் உண்டு. பழைய கேம் பாய் விளையாட்டுப் பெட்டி போலவே தோற்றமளிக்கும் ஒரு கருவியை வைத்து மிட்சுபிஷி அவுட்லேண்டர் கார்களைத் திருடிய மூன்று பேருக்கு 2021-ல் லீட்ஸ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அந்தக் கருவியின் விலை 20,000 பவுண்டு. தெருமுனைத் திருடன் தன் கைக்காசில் வாங்கும் பொருளா அது? செய்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர், வாடகைக்கு விடுபவர் என்று ஒரு தொழிலே பின்னால் இருந்தால்தான் இந்த விலைக்குக் கருவி ஓடும்.

இனி சட்டத்துக்கு வருவோம்.

இங்கிலாந்து, வேல்ஸில் இதுவரை போலீஸ் கையில் இருந்த முக்கியமான ஆயுதம் 1968 திருட்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. திருட்டுக்கோ கொள்ளைக்கோ பயன்படும் பொருளோடு திரிவது குற்றம் என்கிறது அது. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. திருடுவதற்கென்றே செய்த பொருள் ஒருவனிடம் இருந்தால் அதுவே அவன் நோக்கத்துக்குச் சாட்சி என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. அந்த அளவில் அது பல்லில்லாத சட்டம் இல்லை.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் குற்றம் பொருந்த ஒருவன் தன் 'வசிப்பிடத்தில் இல்லாதபோது' அந்தப் பொருளை வைத்திருக்க வேண்டும். கடப்பாரையும் கள்ளச்சாவியும் திருடனின் கருவிகளாக இருந்த காலத்தில் அது நியாயமான வரம்பு. வீட்டில் கடப்பாரை இருப்பதற்காக யாரையும் சிறையில் போட முடியாது. ஆனால் இந்தக் கருவிகள் உருவாவதே யாரோ ஒருவரின் வீட்டு மேசையில், கராஜில், சாலிடரிங் அயர்ன் பக்கத்தில். போலீஸ் சோதனைக்குப் போய் பத்து ஸ்பீக்கர்களைப் பிரித்துப் போட்ட நிலையில் பார்த்தாலும் 25-ஆம் பிரிவு அங்கே செல்லாது. செய்து விற்பவனையோ வெளிநாட்டிலிருந்து தருவிப்பவனையோ அந்தப் பிரிவு நேராகத் தொடுவதும் இல்லை. 'சாவி தொலைத்த வாடிக்கையாளருக்காக வைத்திருக்கிறேன், நான் பூட்டுத் தொழிலாளி' என்று ஒருவன் சொன்னால், கருவி திருடுவதற்கென்றே செய்யப்பட்டதா என்பதே விவாதமாகிவிடும். ஜாமரைப் பயன்படுத்துவது 2006 வானொலித் தந்திச் சட்டத்தின்படி ஏற்கெனவே குற்றம்தான். ஆனால் பயன்படுத்தும் நேரத்தில் கையும் களவுமாகப் பிடிப்பது எத்தனை முறை நடக்கும்?

இந்த ஓட்டையை அடைக்கும் முதல் முயற்சி 2023 நவம்பரில் கன்சர்வேடிவ் அரசு கொண்டுவந்த குற்றவியல் நீதி மசோதாவில் இருந்தது. 2024 மே மாதம் தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைந்தபோது மசோதாவும் செத்துப்போனது. ஆட்சி மாறியது. லேபர் அரசின் அன்றைய உள்துறை அமைச்சர் இவெட் கூப்பர் 2025 பிப்ரவரி 25-ஆம் தேதி குற்றம் மற்றும் காவல் மசோதாவைக் கொண்டுவந்தார். கார் திருட்டுக் கருவிகள் பற்றிய பிரிவுகள் அதில் மறுபடி இடம்பிடித்தன. ஜூன் 18-ஆம் தேதி கீழவை அதை நிறைவேற்றிப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பியது. இரண்டு எதிரெதிர்க் கட்சிகள் ஏறக்குறைய ஒரே பிரிவை எழுதியிருக்கின்றன. அதனால் இது கட்சி அரசியல் இல்லை, தேவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தேவைக்கான எண்களையும் உள்துறை அமைச்சகம் முன்வைத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பின்படி 2024 செப்டம்பரோடு முடிந்த ஓராண்டில் வாகனம் சார்ந்த திருட்டுச் சம்பவங்கள் 7,32,000. இது காரையே ஓட்டிக்கொண்டு போவது மட்டுமல்ல. காருக்குள்ளிருந்து பொருள் எடுப்பதும் முயற்சிகளும் இதில் சேர்ந்தவை. 2023 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் வாகனமே களவுபோன சம்பவங்களில் 40 சதவீதத்தில் திருடர்கள் ரிமோட் சாவியின் சைகையில் கைவைத்திருந்தார்கள். லண்டனில் நடக்கும் வாகனத் திருட்டுகளில் சுமார் 60 சதவீதம் மின்னணுக் கருவிகளால் நடப்பதாக மெட்ரோபாலிடன் போலீஸ் மதிப்பிடுகிறது.

புதிய பிரிவு சொல்வது இதுதான். ஒரு மின்னணுக் கருவியை வைத்திருப்பது, இறக்குமதி செய்வது, தயாரிப்பது, மாற்றியமைப்பது, கொடுப்பது, கொடுக்க முன்வருவது ஆகிய எல்லாமே குற்றமாகலாம். நிபந்தனை ஒன்று உண்டு. அந்தக் கருவி வாகனத் திருட்டுக்கோ வாகனத்துக்குள் இருக்கும் பொருளைத் திருடுவதற்கோ பயன்படும் என்ற நியாயமான சந்தேகத்தை எழுப்பும் சூழ்நிலை இருக்க வேண்டும். அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டு. அப்படிப் பயன்படும் என்று தான் எண்ணவும் இல்லை, சந்தேகிக்கவும் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர் காட்டினால் அது தற்காப்பு. வீடு, கடை போன்ற ஓர் இடத்தில் கருவி அகப்பட்டால், அந்த இடத்தில் இருந்தவரோ அந்த இடத்தைப் பயன்படுத்துபவரோதான் கருவியை வைத்திருந்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். அது அங்கே இருந்ததே தெரியாது என்றோ தன் கட்டுப்பாட்டில் இல்லை என்றோ அவர் காட்ட வேண்டும்.

'வசிப்பிடத்தில் இல்லாதபோது' என்ற வாசகம் போய்விட்டது. என் பார்வையில் இந்தப் பிரிவின் உயிர் அதில்தான் இருக்கிறது. தண்டனை 3-லிருந்து 5 ஆனதைவிட இது பெரிய மாற்றம். தெருவில் கருவியைப் பிடித்திருப்பவன் பெரும்பாலும் கூலிக்கு வந்தவன். அவனை உள்ளே போட்டால் அடுத்த வாரம் வேறொருவன் வருவான். 10 டாலர் உதிரியை 5,000 யூரோவாக மாற்றுகிறவனின் மேசை வரைக்கும் சட்டம் போவது இந்தப் பிரிவு வழியாகத்தான்.

ஆனால் நிரூபிக்கும் பொறுப்பைக் கருவி வைத்திருப்பவர் பக்கம் நகர்த்துவது சாதாரண விஷயம் இல்லை. அரசு குற்றத்தை நிரூபிக்க வேண்டும், குடிமகன் தன் நிரபராதத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அந்த நாட்டுச் சட்டத்தின் அடித்தளம். அதிலிருந்து விலகும் ஒவ்வொரு பிரிவையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். டேபரையே இந்தப் பிரிவுக்கு முன் நிறுத்திப் பார்க்கிறேன். திருடர் சந்தையில் திருட்டுக் கருவியைக் காசு கொடுத்து வாங்கினார். வீட்டில் வைத்துப் பிரித்தார். 'வைத்திருப்பது' என்ற முதல் படியை அவர் தாண்டிவிட்டார். அவரைக் காப்பது அடுத்த படி. அவர் தொழிலும், அவரே களவுகொடுத்தவர் என்பதும், கண்டதை வெளிப்படையாக எழுதியதும் சந்தேகத்துக்கு இடம் தருவதில்லை. தந்தாலும் தற்காப்பு எளிது. பூட்டுத் தொழிலாளிக்கும் பழுது பார்ப்பவருக்கும் பில் புத்தகமும் வாடிக்கையாளர் பட்டியலும் அதே வேலையைச் செய்யும். எந்த நிறுவனத்திலும் சேராமல், படுக்கையறையில் உட்கார்ந்து ரேடியோ பழகும் 19 வயதுப் பையனுக்கு அந்தக் காகிதங்கள் கிடையாது. இந்தப் பிரிவில் தவறு நடந்தால் அவனைப் போன்ற ஒருவனுக்குத்தான் நடக்கும். வழக்குத் தொடுப்பவர்களுக்கான வழிகாட்டுதலில் இதைத் தெளிவாக எழுதி வைப்பது அரசின் கடமை.

சூழ்நிலையைப் பார்த்துக் குற்றம் சுமத்தும் இந்த முறை ஏன் நல்லது என்பதை எதிர்த்திசையில் போன கனடாவை வைத்துப் பார்க்கலாம். 2022-ல் அங்கே 1 லட்சத்துக்கு மேல் வாகனங்கள் களவுபோயின. நீதி அமைச்சருக்கு அரசு கொடுத்த டொயோட்டா ஹைலேண்டரே திருடுபோனது. திருடுபோன அரசுக் கார்கள் பற்றி வந்த செய்தி நாடாளுமன்றம் வரை போனது. டொராண்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பருக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் மாண்ட்ரியல் துறைமுகத்தில் மட்டும் 598 திருட்டு வாகனங்களை மீட்டார்கள். பெரும்பாலானவை ஒன்டாரியோவிலிருந்து போனவை.

இந்த நெருக்கடியில் 2024 பிப்ரவரி 8-ஆம் தேதி ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூடியது. தொழில்துறை அமைச்சர் பிரான்சுவா-பிலிப் ஷாம்பேன் ஃப்ளிப்பர் ஜீரோ என்ற சின்னக் கருவியின் பெயரைச் சொல்லித் தடை அறிவித்தார். ஃப்ளிப்பர் ஜீரோ ரேடியோ சைகை, தொடாமலே படிக்கும் ஆர்எஃப்ஐடி அட்டை போன்றவற்றைப் படித்துச் சோதிக்க உதவும் பொம்மை அளவுக் கருவி. ரிமோட் அனுப்பும் குறியீடு ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறுகிற முறை 1990-களிலேயே வந்துவிட்டதால், பதிவு செய்ததை மறுபடி ஒலிபரப்பி இன்றைய காரைக் கொண்டுபோக இதனால் முடியாது என்று அதன் தயாரிப்பாளர்கள் பதில் சொன்னார்கள். ரிலே திருட்டுக்கு வேண்டிய இரட்டைக் கருவி இது இல்லை, கேன் பஸ்ஸில் கொக்கி போடும் ஸ்பீக்கரும் இல்லை. பாதுகாப்பு ஆய்வாளர்கள் கொதித்தார்கள். மார்ச் மாதமே அரசு இறங்கிவந்து, முறையான பயனாளர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துவதாகச் சொன்னது. ஜூன் 20-ஆம் தேதி குற்றவியல் சட்டத்தில் சேர்ந்த திருத்தம் எந்தக் கருவியின் பெயரையும் நம்பியிருக்கவில்லை. வாகனம் திருடும் நோக்கத்துக்காக மின்னணுக் கருவியை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றமானது. பெயர் சொல்லித் தடுத்தால் நாளைக்கு அதே சில்லை வேறு டப்பாவில் போட்டு விற்பார்கள். புளூடூத் ஸ்பீக்கரைத் தடை செய்ய முடியுமா?

சட்டத்தை ஆய்வாளர்கள் மேல் திருப்பினால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டனிலேயே பழைய உதாரணம் உண்டு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஃப்ளாவியோ கார்சியாவும் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவரும், ஃபோக்ஸ்வேகன் உள்பட பல நிறுவனங்கள் பயன்படுத்திய மெகாமோஸ் கிரிப்டோ இம்மொபிலைசர் சில்லின் பலவீனத்தைக் கண்டுபிடித்தார்கள். 2013-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஃபோக்ஸ்வேகன் தடை வாங்கியது. ஆய்வுக் கட்டுரை இரண்டு வருடம் கழித்து, ஒரு வாக்கியம் நீக்கப்பட்ட பிறகே, 2015-ல் வெளிவந்தது. தன் காரின் பூட்டு எவ்வளவு பலவீனமானது என்று தெரியாமல் அந்த இரண்டு வருடமும் கார் ஓட்டியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

எனவே கருவியைக் குற்றமாக்கும் பிரிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அது பாதி வேலை என்றும் சொல்கிறேன். மீதிப் பாதி கார் தயாரிப்பவர்கள் மேல் போட வேண்டிய கடமை. இது ஆசைப்பட்டுச் சொல்வதல்ல. ஏற்கெனவே நடந்து காட்டியது.

1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கார் திருட்டு உச்சத்தில் இருந்தது. எந்த மாடல் எவ்வளவு திருடப்படுகிறது என்ற பட்டியலை 1992-ல் உள்துறை அமைச்சகமே வெளியிட்டு நிறுவனங்களை வெட்கப்பட வைத்தது. 1998 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமானது. அந்த விதி நெதர்லாந்தில் கார் திருட்டைச் சுமார் 40 சதவீதம் குறைத்ததாக இரண்டு டச்சுப் பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். புதிய குற்றப் பிரிவோ கூடுதல் சிறையோ இல்லாமல், காரில் ஒரு சில்லு சேர்த்ததால் கிடைத்த பலன் இது. அமெரிக்காவில் அப்படி விதி இல்லை. அதனால் கியாவும் ஹூண்டாயும் 2010-களில் அங்கே இம்மொபிலைசர் இல்லாமலே லட்சக்கணக்கான கார்களை விற்றன. அந்தக் கார்களின் ஸ்டியரிங் உறையைப் பிய்த்து யூஎஸ்பி ஒயரின் முனையால் ஸ்டார்ட் செய்வதைப் பதின்வயதுப் பிள்ளைகள் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 2007 செப்டம்பரிலிருந்து இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியிருந்த பக்கத்து நாடான கனடாவில், அதே நிறுவனங்களின் கார்களுக்கு அந்த வியாதி வரவில்லை.

இன்றைய திருட்டுக்கும் மருந்து உண்டு. சாவியின் பதில் வரும் நேரத்தை நானோ விநாடிக் கணக்கில் அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் முறையில் ரிலே வித்தை எடுபடாது. ரேடியோ அலை ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால் தூரத்தை மறைக்க வழியில்லை. ஜாகுவார் லேண்ட் ரோவர் 2018-லிருந்து இதைச் சில மாடல்களில் சேர்க்கத் தொடங்கியது. ஃபோர்டு 2019-ல் இன்னும் மலிவான வழியைக் கொண்டுவந்தது. சாவி 40 விநாடி அசையாமல் கிடந்தால் அது தூங்கிவிடும். தூங்கும் சாவி யாருக்கும் பதில் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஐநாவின் 155-ஆம் எண் இணையப் பாதுகாப்பு விதி பொருந்துகிறது. இவையெல்லாம் இனி வரும் கார்களுக்கு. ஏற்கெனவே தெருவில் நிற்கும் கோடிக்கணக்கான கார்களுக்கு என்ன வழி?

இப்போதைக்குச் சொந்தக்காரர்களே பாதுகாத்துக்கொள்கிறார்கள். சிக்னல் கசியாத ஃபாரடே பையில் சாவியைப் போட்டு வைப்பது ரிலே திருட்டுக்கு நல்ல தடுப்பு. மாற்றுச் சாவியையும் அதே பையில் போட வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான். ஆனால் டேபரின் கார் போன விதத்தில் சாவிக்கு வேலையே இல்லை, பை அங்கே பயன்படாது. ஸ்டியரிங்கைப் பூட்டும் இரும்புக் கட்டை அங்கே கொஞ்சம் தாமதப்படுத்தும். யாராவது உங்கள் பம்பரையோ ஹெட்லைட்டையோ நோண்டியிருந்தால் அதை வம்பு வேலை என்று விட்டுவிடாமல் அன்றைக்கே போலீஸிடம் சொல்லி, காரை வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

டின்டல் தன் கட்டுரையில் இரண்டு மருந்து சொன்னார். ஒன்று உடனடி ஒட்டு: கேன் பஸ்ஸில் அந்த அமுக்கல் நடக்கும்போது கேட்வே கணினி அதைக் கண்டுகொண்டு, சாவி பற்றிய செய்தியை எஞ்சினுக்குக் கடத்தாமல் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று நிரந்தரத் தீர்வு: சாவி தொடர்பான ஒவ்வொரு செய்தியும் ரகசியக் கையொப்பத்தோடு வர வேண்டும், வராததை யாரும் நம்பக் கூடாது. முதலாவது வெறும் மென்பொருள் மாற்றம். ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் ஏற்ற முடியும். பிரேக்கில் கோளாறு என்று தெரிந்தால் காரைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நிறுவனத்தைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடிகிறது. திருடும் முறை பொதுவெளியில் நிரூபணமான பிறகு பூட்டைச் சரிசெய்யும்படி கட்டாயப்படுத்தும் வரி எதுவும் பிரிட்டன் எழுதிய இந்தக் கருவிப் பிரிவுகளில் இல்லை. அப்படி ஒரு வரியைச் சட்டமாக்கச் சொல்லித்தான் அங்கே இருக்கும் வாகனச் சொந்தக்காரர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுத வேண்டும்.